தட்டைக் கழித்த எடை

கொயானியாவில், பேருந்து நிலையத்துக்கு எதிரே,
கிலோ கணக்கில் சோறு விற்கும் கடையில்
தராசுக்குப் பின்னால் நிற்பவள் நான்.
பதினோரு வருடம்.
யாரும் எதையும் எவ்வளவும் அள்ளிக்கொள்ளலாம்;
என்னைத் தாண்டித்தான் மேசைக்குப் போகவேண்டும்.

வெறும் தட்டு அறுநூற்று நாற்பது கிராம்.
எந்திரமே அதைக் கழித்துவிடும்.
மிச்சத்துக்குத்தான் காசு.

பன்னிரண்டு கிலோ குறைக்கச் சொன்னார்
சுகாதார நிலையத்து டாக்டர்,
என்னை நிமிர்ந்து பார்க்காமல்.
காய்கறிக் கடையில் இனாமாகக் கிடைத்த நோட்டில்
அன்றிரவே கோடு போட்டேன்.
ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூறு.

முதல் மூன்று மாதம் கணக்கு என் பக்கம் நின்றது.
அப்பாவி என்று நான் நம்பிய எண்ணெய்
கையும் களவுமாகப் பிடிபட்டது.
ஆரஞ்சுச் சாறு, வறுத்த மரவள்ளி,
நின்றுகொண்டே தின்றால் சேராது என்று நினைத்திருந்த
பாலாடைக்கட்டி உருண்டைகள்,
எல்லாம் வரிசையில் வந்து பெயர் கொடுத்தன.
ஐந்து கிலோ போயிற்று.
பேன்ட் இடுப்பில் ஊக்கு குத்தினேன்.
அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஓர் இரவு
பத்து மணிக்கு நோட்டில் மிச்சம் தொண்ணூறு.
பசியில்லை.
பாக்கி வைப்பானேன் என்று
எழுந்து போய்த் தின்றேன்.
மறுநாள் ஏழு மணிக்கே பூஜ்யம்;
வயிறு கத்தியது.
நோட்டைக் காட்டி அதை அதட்டினேன்.

சமையல்கட்டிலிருந்து எடிவானியா கேட்டாள்:
"பெக்கிக்கு எவ்வளவு போடுவாய்?"
பெக்கி எங்கள் ஊர்ப் பழம்.
கடிக்கக் கூடாது; உள்ளே முள்.
மஞ்சள் சதையை முன்பற்களால் சுரண்டிக்கொண்டே போய்
முள்ளுக்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கவேண்டும்.
சுரண்டியது எத்தனை, விட்டது எத்தனை?
குத்துமதிப்பாக நாற்பது என்று எழுதி,
அடித்து, அறுபது என்று எழுதி,
பிறகு பெக்கியையே விட்டுவிட்டேன்.

தங்கை மகள் தைனாவுக்குப் பிறந்தநாள்.
தானே உருட்டிய சாக்லேட் உருண்டையை
என் உதட்டருகே நீட்டினாள்.
"எத்தனை கிராம் இருக்கும்?"
வாய் தவறி அவளிடம் கேட்டுவிட்டேன்.
அவள் உள்ளங்கையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"ஒன்று," என்றாள்.

எண்ணி எண்ணித் தூக்கம் போன மாதம் அது.
ஊக்கைக் கழற்றவேண்டி வந்ததும் அப்போதுதான்.

அக்டோபரில், வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம்,
கரண்ட் போனது.
தராசின் சிவப்பு எண்கள் அணைந்தன.
வரிசையில் முப்பத்திரண்டு பேர், கையில் ஆறும் சோறு.
முதலாளி கில்டாசியோ நெற்றியைத் துடைத்தார்:
"ஜுசாரா, கண்ணால் பார்த்துச் சொல்."

சொன்னேன்.
நானூற்றுப் பத்து. ஐந்நூற்று முப்பது.
உங்களுக்கு வழக்கம்போல முந்நூற்றுப் பன்னிரண்டு, சார்.
லாரிக்காரர் ஒருவர் மல்லுக்கு நின்றார்.
மாவு நிறுக்கும் பழைய கொக்கித் தராசைக் கொண்டுவந்து
அவர் தட்டைத் தொங்கவிட்டார் கில்டாசியோ.
ஒன்பது கிராம் வித்தியாசம்.
அதுவும் அவருக்குச் சாதகமாக.
வரிசை கைதட்டியது.

எண்ணியதால் வந்த கண்ணா இது,
எண்ணாத நேரத்தில் வந்ததா,
எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு எங்கள் முறை.
கொஞ்சம் சோறு, பீன்ஸ்,
எடிவானியா கேட்காமலே வைத்த இரண்டு பெக்கி.
அணைந்த தராசின் மேல் வைத்துப் பார்த்தேன்.
வேறு யாருடைய தட்டாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.
எண் வரவில்லை.

மெல்லச் சுரண்டித் தின்றேன்.
முள்ளுக்கு முன்னால் நின்றேன்.

சாயங்காலம் நோட்டில்
அன்றைய தேதிக்கு நேரே எழுதினேன்:
கரண்ட் இல்லை.